ஆனை நீந்திய செவ்வாய்க்கிழமை

கிளாலி
10.2.1991

அன்புள்ள தம்பி தேவராசாவுக்கு,

இது உன் அண்ணன் செபநாயகம் எழுதுவது. வேறு யாரையோ பிடித்து எழுதுவிக்கிறேன் என்று நினைக்காதே. என் கைதான். எழுத்துகள் மணலில் நண்டு ஓடின மாதிரி இருக்கும். ஒரு வரி ஏறும், ஒரு வரி தாழும். மன்னித்துக்கொள். அறுபத்தேழு வயதில் பிடித்த பென்சில். வலை இழுத்துக் காய்த்த விரலுக்குள் அது நிற்கமாட்டேன் என்கிறது. இந்த முதற்பக்கத்துக்கே மூன்று நாள் போய்விட்டது.

போன ஆனி மாதம் ஷெல்லடியால் மயிலிட்டி முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். உன் மச்சாள் அருமைநாயகியும் நானும் இங்கே கிளாலியில், பள்ளிக்கூடத்து வளவில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருக்கிறோம். எங்களோடு வந்த ஸ்ரெல்லா ரீச்சர் பின்னேரங்களில் எழுத்துத் தெரியாத கிழடுகளுக்குப் படிப்பிக்கிறார். நிவாரண அட்டைக்கு விரலில் மை பூசி அலுத்துப்போய் நானும் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் இரண்டு நாளில் ஓடிவிட்டார்கள். நான் நின்றுவிட்டேன். இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். பழைய சவர்க்கார உறையை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். “இஞ்சேரப்பா, சவுக்காரம் முடிஞ்சு ரெண்டு மாசம். உறையை வாசிச்சு என்னத்தைத் தோய்க்கிறது?” என்று கேட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி, ஆனை நீந்துகிறது. என் கண்ணால் கண்டேன்.

வன்னியில், ஒட்டுசுட்டானில் மரம் இழுக்கிற ஆனை. பேர் சின்னத்தங்கம். பேரில் மட்டும்தான் சின்னது. போன வருடம் தென்மராட்சியில் ஒரு கோவில் திருவிழாவுக்கு அதைக் கூட்டிவந்தார்கள். திருவிழா முடிய முன்னம் சண்டை தொடங்கி ஆனையிறவுப் பாதை பூட்டிவிட்டது. அன்றிலிருந்து அதுவும் அதன் பாகன் தம்பிஐயாவும் இந்தப் பக்கத்தில் அகப்பட்டுப்போனார்கள். வளவு வளவாய் ஓலை கேட்டுத் திரிந்து போன மாதம் இங்கே வந்து சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை அதைக் கடலுக்குள் இறக்கிக் கழுவினார். கழுவி முடிய அது கரைக்கு வராமல் வெளியே திரும்பிற்று. இடுப்பு மறைந்தது, முதுகு மறைந்தது, தலையும் மறைந்தது. நான் “போச்சு, போச்சு” என்று கத்துகிறேன். பார்த்தால் தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே, புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு போகிறது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து கரையேறிற்று. நான் மணலில் குந்திவிட்டேன்.

எழுபத்திரண்டாம் ஆண்டு நீ கொக்கிளாய் மீன் வாடியில் தொழில் முடித்து வந்து, அங்கே களப்பில் ஆனைகள் நீந்தக் கண்டேன் என்று சொன்னாய். பெருநாள் அன்று, வள்ளங்கள் இழுத்துவைத்த இடத்தில், ஊர் முழுக்க நிற்க, “ஆனை நீந்துமெண்டால் எங்கடை வள்ளம் பறக்கும்” என்று சொன்னவன் நான். உனக்கு ஆனைத் தேவராசா என்று பேர் வைத்தவனும் நான். பிள்ளைகள் கல்லெறிகிற மாதிரி அந்தப் பேரை உன் முதுகில் எறிந்தார்கள். அடுத்த கிழமை நீ பெட்டி கட்டினாய். இதை இதுவரை ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை. பென்சிலால் சொல்ல முடிகிறது.

இன்னொன்று. சின்னத்தங்கத்தை வன்னிக்கு அனுப்ப வேண்டும். இங்கே காடு இல்லை. ஆடி மாதம் இந்தக் களப்புக் கடல் வற்றட்டும், முழங்கால் தண்ணீரில் நடத்திக் கூட்டிப்போகலாம் என்று தம்பிஐயாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அக்கரையில் உன் ஆலங்கேணிப் பக்கத்தில் எங்கே தண்ணீர் குறைவு என்று உனக்குத்தான் தெரியும். எழுதுவாயா?

கனிசியஸ் என்கிற ஆள் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு கொம்படிச் சேற்றால் வன்னிக்குப் போய்வருகிறவன். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன்
செபநாயகம்

⁂

ஆலங்கேணி, பூநகரி
24.2.1991

திரு. செபநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கனிசியஸ் என்பவர் மூலம் கிடைத்தது. முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணினேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். விளையாடுகிறவன் இவ்வளவு கஷ்டப்பட மாட்டான்.

எழுதப் பழகியது நல்லது. ஐயா உங்களை எட்டு வயதில் கடலுக்கு அனுப்பி என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார் என்பதை நான் மறக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் மறந்துவிடவும் முடியாது.

நான் வந்து இரண்டு மாதத்தில் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சுவாமியாருக்குத் தெரியும், சங்கத்து எழுத்தருக்குத் தெரியும், யாரிடமாவது கொடுத்து வாசிக்கக் கேட்டிருப்பீர்கள் என்றுதான் இருந்தேன். என் மகளுக்கு ஞானஸ்நானம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். வரவில்லை. பிறகு நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. இங்கே நானும் ஒரு மனிதன். இறால் பிடிக்கிறேன். ஒருவருக்கும் ஆனைக் கதை சொன்னதில்லை.

உங்கள் ஆடி மாத யோசனையைப் பற்றி எழுதாமல் விடலாம். ஆனால் ஒரு வாயில்லாச் சீவனின் விஷயம் என்பதால் எழுதுகிறேன். அது பைத்தியக்கார யோசனை. ஆனை வண்டில் அல்ல. தண்ணீர் வற்றினால் அடியில் கிடக்கிறது என்ன? சேறு. நான் இறங்கினாலே தொடைக்கு வரும். அவ்வளவு பாரத்தை அதற்குள் இறக்கினால் எடுக்கிறது யார்? மாடு புதைந்ததை நீங்கள் கண்டதில்லையா? ஆழத்தால்தான் கொண்டுவர வேண்டும். அதுவும் தண்ணீர் நிற்கிற இந்த நாட்களில். வள்ளத்துக்கு எது பாதையோ அதுதான் ஆனைக்கும் பாதை.

இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

நீந்தும்போது தும்பிக்கையை நேராகப் பிடித்ததா, வளைத்துப் பிடித்ததா? கண் தண்ணீருக்கு மேலே தெரிந்ததா? எவ்வளவு நேரம் நின்றது?

இப்படிக்கு,
ம. தேவராசா

⁂

கிளாலி
5.3.1991

அன்புள்ள தம்பி,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டு மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். ஸ்ரெல்லா ரீச்சரிடம் கேட்டேன். “கேள்வி வந்தால் பதில் எழுதவேணும் அப்பு” என்று சொன்னார். ஆகையால் எழுதுகிறேன்.

தும்பிக்கை நுனியில் வளைந்திருந்தது, உன் மச்சாள் கிணற்றடியில் முகம் கழுவும்போது கழுத்தை நீட்டுகிறாளே, அப்படி. கண் தெரியவில்லை. இடையிடையே நெற்றி ஒரு தேங்காயளவு எழும்பும், தாழும். முதல் நாள் ஒரு சுருட்டுப் பற்றி முடிக்கிற நேரம் நின்றது. நேற்று இரண்டு சுருட்டு. சுருட்டு இல்லை, நினைத்துப் பார்த்தேன்.

இப்போது உன் பழைய கடிதம்.

அது என்னிடம் இருக்கிறது. அதை நான் ஒருவரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. ஆனையைப் பற்றி எழுதியிருப்பாய், வாசிக்கிறவன் சிரிப்பான், ஊர் இன்னொரு தரம் சிரிக்கும் என்று பயந்தேன். உன்னை நான் சிரித்தது காணும் என்றிருந்தது. அல்லது என்னைத் திட்டியிருப்பாய், அதை இன்னொருவன் வாயால் கேட்க வெட்கமாயிருந்தது. இரண்டும் உண்மை. தகரப் பேணியில் போட்டு வள்ளத்து முன் அணியத்தில் வைத்தேன். மயிலிட்டியை விட்டு வரும்போது வலை வரவில்லை, வள்ளம் வரவில்லை, பேணி வந்தது. தை மாதம் பதினான்காம் திகதி, பாடம் முடிந்து எல்லோரும் போனபிறகு, எழுத்துக் கூட்டி வாசித்தேன். உனக்கு மறந்திருக்கும். இதோ, பார்த்து எழுதுகிறேன்:

“அண்ணை, நான் பொய் சொல்லவில்லை. மாசியில் ஒருக்கால் கொக்கிளாய்க்கு வாருங்கோ. இருவரும் இருந்து பார்ப்போம். நீங்கள் பார்த்தால் எனக்குக் காணும். ஊர் பார்க்கத் தேவையில்லை.”

பத்தொன்பது மாசி போய்விட்டது, தம்பி.

நீ சேறு பற்றி எழுதியது சரி. உன்னை நம்பாமல் அல்ல, தம்பிஐயா நம்பவில்லை என்று கொஞ்சத் தூரம் நடத்திப் பார்த்தோம். முன்கால் இரண்டும் முழங்கால்வரை போயிற்று. சின்னத்தங்கம் பின்னுக்கு எடுத்து, திரும்பி நின்று எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தது. வள்ளம் தள்ளுகிற தாங்குதடியை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்தது. தண்ணீர் குறைந்தால் பத்திரம் என்று நினைத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் வள்ளம் தட்டாத இடம் பார்த்து ஓடினவன், ஆனைக்கு மட்டும் தட்டுகிற இடத்தைத் தேடியிருக்கிறேன். தம்பிஐயா சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் சிரிக்கிற காலம் இல்லை. அது மெலிகிறது. விலா தெரிகிறது. வளவுச் சனத்துக்கும் அதற்கும் ஒரே கிணறு. நாங்கள் நாள் முழுக்க இறைத்தாலும் அதற்குக் காணாது. இப்போது தண்ணீர் உவர்க்கவும் தொடங்கிவிட்டது. முதலில் வாழைத்தண்டு கொண்டு ஓடிவந்த சனம் இப்போது முகத்தைத் திருப்புகிறது. பிழை சொல்ல முடியாது. அவர்களின் பிள்ளைகளும் குடிக்க வேண்டும். முகாம் குழு கூடி உயிர்த்த ஞாயிறு வரை தவணை தந்திருக்கிறது. அதற்குப் பிறகு கிணற்றடிக்கு ஆனை வரக்கூடாது. தம்பிஐயா அதன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு “இந்தக் காய்ஞ்ச மண்ணிலை உன்னை அவிட்டு விட்டால் எங்கையடி போவாய்?” என்று கேட்கிறார்.

ஆழத்தால் எப்படிக் கொண்டுவருவது? நீ கண்டவன். எங்களில் ஒருவரும் கண்டதில்லை. எழுது.

அண்ணன்
செபநாயகம்

பின்குறிப்பு: ஞானஸ்நானத்துக்கு நான் வெளிக்கிட்டேன். பஸ் நிலையம்வரை வந்து திரும்பினேன்.

⁂

ஆலங்கேணி
13.3.1991

செபநாயகம் அண்ணைக்கு,

கனிசியஸ் வாசலிலேயே நின்று பதில் வேண்டும் என்கிறான். அதனால் விரைவாக எழுதுகிறேன். ஒன்றையும் விடாமல் வாசியுங்கள். விளங்காவிட்டால் ஸ்ரெல்லா ரீச்சரிடம் கேளுங்கள்.

கொக்கிளாயில் நான் கண்டது ஐந்து ஆனைகள். மூன்று பெரியவை, இரண்டு குட்டிகள். பெரியதொன்று முன்னுக்குப் போகவில்லை. இரண்டு பக்கமும் பெரியவை, குட்டிகள் நடுவில், ஒரு கிழட்டு ஆனை பின்னால். ஆகவே நீங்கள் வள்ளத்தை முன்னுக்கு விட்டு இழுக்க வேண்டாம். கழுத்தில் கயிறு போடவே கூடாது. ஒரு பக்கம் ஒரு வள்ளம், மறு பக்கம் ஒரு வள்ளம், கொஞ்சம் பின்தள்ளி. அது தனியாகப் போகிறேன் என்று நினைக்கக்கூடாது. அவ்வளவுதான். எந்திரம் வேண்டாம், தண்டு வலியுங்கள்.

வாடைக் காற்று விழுந்துவிட்டது, சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. இந்த இரண்டு கிழமைதான் கடல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, இருபத்தாறாம் திகதி, கிழக்கு வெளுக்க இறக்குங்கள். அந்த நேரம் பனிப் புகார் இருக்கும், மேலே ஹெலி ஒன்றும் பறக்காது.

நடுக்கடலில் ஒரு மணல் திட்டி இருக்கிறது. முழங்கால் தண்ணீர், அடி மணல், சேறு இல்லை. அதில் ஒரு தடி நட்டு, நான் உடுக்கிற சிவப்புச் சாரத்தைக் கொடி மாதிரிக் கட்டிவிடுகிறேன். அதில் அது நின்று இளைப்பாறலாம். அங்கிருந்து இந்தப் பக்கத்து வள்ளங்கள் கூட்டிவரும். நீங்கள் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். வெயில் ஏற முன்னம் உங்கள் வள்ளங்கள் கரையில் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் நடுக்கடலில் நாலு வள்ளத்தை ஒன்றாகக் கண்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முக்கியமானது: அது திரும்பினால் திருப்ப வேண்டாம். எந்தப் பக்கம் போகிறதோ, விடுங்கள். அதற்குத் தெரியும். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆட்கள் வருவார்கள். நான் வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அன்று வேலை இருக்கிறது.

அந்தக் கடிதத்தை நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

தேவராசா

⁂

கிளாலி
1.4.1991

என் தம்பிக்கு,

நேற்று உயிர்த்த ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து தொடங்கினேன், இன்றைக்கும் எழுதுகிறேன். திட்டியில் எங்களுக்குக் கதைக்க நேரம் கிடைக்கவில்லை. நீ கண்டது திட்டிக்கு அந்தப் பக்கத்துப் பாதி. இந்தப் பக்கத்துப் பாதியை நான் சொல்கிறேன். பிறகு உன்னுடைய பாதியை நீ எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்தால்தான் முழு ஆனை.

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். கயிறு வேண்டாம் என்று நீ எழுதினாய். கயிறு போடவில்லை. ஆனால் வலை மிதப்புப் பதினான்கு சேர்த்து மாலை மாதிரிக் கட்டிக் கழுத்தில் போட்டேன். தாழ்ந்தால் பிடிக்கும் என்று ஒரு எண்ணம். சின்னத்தங்கம் ஒவ்வொன்றாகக் கழற்றியது. கழற்றினதைக் காலடியில் வைத்து, டப் டப் என்று மிதித்து உடைத்தது. கனிசியஸ் மற்ற வள்ளத்திலிருந்து “மாலை போட்டியள், தேவாரமும் பாடுங்கோவன் அண்ணை” என்றான்.

கோவிலில் அதன் கழுத்தில் கட்டின வெண்கல மணிக்குள் சத்தம் வராமல் தம்பிஐயா தும்பு அடைத்திருந்தார். அவர் கழுத்தடியில் ஏறி இருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதை அப்போதுதான் சொன்னார்! மச்சாள் கரையில் நின்று செபமாலை உருட்டினாள். வேறு ஒருவருமில்லை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கிணற்றடிப் பெண்கள் முழுப்பேரும் புகாருக்குள் நிற்கிறார்கள். ஒருத்தி வாழைக்குலை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள், கிணற்றில் ஆனைக்குத் தண்ணீர் அள்ள விடமாட்டேன் என்று சண்டை பிடித்த அதே சின்னம்மா. ஆனை குலையை முழுதாக வாய்க்குள் தள்ளிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தது.

கொஞ்சத் தூரம் நடந்தது. பிறகு காலுக்கு அடி இல்லை. தம்பி, அந்த நேரம்! ஒரு மலை தண்ணீருக்குள் கரைவது மாதிரி. தம்பிஐயாவுக்கு இடுப்பு, நெஞ்சு, கழுத்து. அவர் தலை மட்டும் கடலில் மிதக்கிறது. “ஐயோ பிள்ளையாரே!” என்கிறார். பிறகு “செபநாயகமண்ணை, உங்கடை சந்தியாகுமையோரையும் ஒருக்கால் கூப்பிடுங்கோ!” என்கிறார். நான் கூப்பிட்டேன். தும்பிக்கை எழும்பிற்று. புஸ்ஸென்று ஒரு மூச்சு. அந்தத் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன், நிற்பாட்ட முடியவில்லை. தண்டு வலிக்கிறேன், சிரிக்கிறேன், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

நல்ல ஓட்டம் ஓடியது. கொஞ்சத் தூரம் போனதும் புகார் விலகி, நேரே முன்னுக்கு உன் சிவப்புச் சாரம் தெரிந்தது. எல்லோரும் கண்டோம். அந்த நேரம் பார்த்து அது கிழக்கே திரும்பிற்று. சாரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு போகிறது. கனிசியஸ் “மறியுங்கோ! மறியுங்கோ! ஆனையிறவு ஆமிக் காம்ப் பக்கம் போகுது!” என்று கத்துகிறான். தம்பிஐயா காதடியில் காலால் உதைத்து உதைத்துப் பார்க்கிறார். என் வள்ளம்தான் கிழக்குப் பக்கம். நான் ஒரு வலி வலித்துக் குறுக்கே விட்டால் அதை மறிக்கலாம். தண்டைத் தூக்கிவிட்டேன்.

தூக்கின தண்டோடு இருந்தேன். நீ எழுதியது கண்ணுக்குள் வந்தது. சொல்லாக அல்ல, எழுத்தாகவே வந்தது. “திரும்பினால் திருப்ப வேண்டாம்.” எழுபத்திரண்டில் நீ சொன்னதை நம்பவில்லை. தண்டை மெல்லத் தண்ணீரில் வைத்து ஒதுங்கிவிட்டேன். “விடடா கனிசியஸ், அதுக்குத் தெரியும்” என்றேன். “ஆர் சொன்னது?” என்று கேட்டான். “என்ரை தம்பி சொன்னவன்” என்றேன்.

அது வளைந்து, பெரிய அரைவட்டமாகப் போய், பிறகு மேற்கே திரும்பிச் சாரத்தை நோக்கி வந்தது. கனிசியஸ் நேர்வழியில் தடி குத்திப் பார்த்தான். தடி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று, எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. திட்டிக்கு முன்னால் ஒரு சேற்று நாக்கு நீண்டு கிடந்திருக்கிறது. அதை அது சுற்றிப் போயிருக்கிறது! நான் மறித்திருந்தால் இப்போது இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு தோள் எழும்பிற்று, முதுகு எழும்பிற்று, நாலு காலும் மணலில் நின்றது. தண்ணீர் அருவி மாதிரி வடிந்தது. சாரத் தடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் முழங்கால் தண்ணீரில் நின்றான். தலை முழுக்க நரை. யாரோ பூநகரிக் கிழவன் என்று நினைத்தேன்.

நீ ஆனையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

“பாத்தியளே அண்ணை?” என்று கேட்டாய்.

“ஓமடா, பாத்தன்” என்றேன்.

ஆனை மூச்சு வாங்கி முடிய நீ அதோடு போய்விட்டாய், நான் திரும்பிவிட்டேன். திரும்புகிற வழியெல்லாம் நினைத்தேன், வேலை இருக்கிறது என்று எழுதினவன் அங்கே என்ன செய்தான் என்று.

உன் பாதியை எழுது. சுருக்காக எழுது. மச்சாளும் கேட்கிறாள், கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வாசித்துக் காட்டப்போகிறவன் நான்.

அண்ணன்
செபநாயகம்

⁂

ஆலங்கேணி
9.4.1991

என் அன்புள்ள அண்ணை,

ஆனை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அதை முதலில் எழுதுகிறேன், நீங்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டு போகும்வரை ஏங்கக்கூடாது. தம்பிஐயா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஐந்து நாள் நடையாம். ஒட்டுசுட்டானில் அவருடைய வாசலில் போய் நின்று பிளிறினதாம். “ஆனை கத்தேக்கை மனிசி ஓடிவந்து அதைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். என்னைப் பிறகுதான் கண்டவள்” என்று முறைப்பாடும் சொல்லியனுப்பியிருக்கிறார்.

என் பாதி உங்கள் பாதியைப்போல் பெரிதில்லை. திட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால்தான் ஆழம். அதை நீந்தி முடித்தது. பிறகு மணல். கரையில் ஒரு பத்துப் பேர் நிற்பார்கள் என்று நினைத்தேன். ஊர் முழுவதும் நின்றது. கிடுகு பின்னிக்கொண்டிருந்தவர்கள் பாதிக் கிடுகோடு நின்றார்கள். அது கரையேறி, உடம்பை மணலில் புரட்டி எழும்பி, நேரே பற்றைக்குள் போய் ஒரு முழு மரக்கொப்பை முறித்தது. பத்து மாதத்துக்குப் பிறகு பச்சைக் காட்டுக் கொப்பு. அது சாப்பிட்ட சத்தத்தை எல்லோரும் வாய் திறந்து கேட்டுக்கொண்டு நின்றோம். என் பேத்தி அற்புதராணி, “தாத்தா, உது ஆற்றை ஆனை?” என்று கேட்டாள். “என்ரை அண்ணை அனுப்பின ஆனை” என்று சொன்னேன். நான் அப்படிச் சொல்வதற்கென்று ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

இனி ஒரு விஷயம். இதை வேறு யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

எல்லோரும் சிரித்தது எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு நடந்தது வேறு. நான் கண்டதை நானே நம்பாமல் விட்டேன். கொக்கிளாயில் நான் தனியாகத்தான் நின்றேன். சூரியன் கண்ணுக்கு நேரே இருந்தது. மரக்கட்டையாக இருந்திருக்கலாம், அலையாக இருந்திருக்கலாம், அண்ணை பொய் சொல்கிறவர் அல்ல, அவர் இல்லை என்றால் இல்லைத்தான் என்று என் மனமே சொல்லத் தொடங்கிற்று. பத்தொன்பது வருடம். உங்கள் முதற்கடிதத்துக்கு மூன்று கேள்வி எழுதினேனே, அது உங்களைச் சோதிக்க எழுதியது அல்ல. நான் கண்டதும் நீங்கள் கண்டதும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நுனி வளைந்திருந்தது என்று எழுதினீர்கள். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. அது வளைந்துதான் இருந்தது, அண்ணை. நான் கண்டது அதுதான்.

“பாத்தன்” என்று நீங்கள் சொன்னது எனக்குக் காணும்.

ஒரு சிறு சங்கடம். இப்போது இங்கே எல்லோரும் எனக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். நான் ஒருவருக்கும் பழைய கதை சொல்லவில்லை, தாங்களாகவே வைத்தார்கள். என்ன பேர் என்று உங்களுக்குத் தெரியும். கடை, சங்கம், இறால் வாடி எங்கும் அதுதான். கனிசியஸ் அடுத்த தடவை வராவிட்டால் வேறு யார் கையிலாவது கொடுத்துவிடுவீர்கள். தேவராசா என்றால் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். உறையில் அந்தப் பேரையே எழுதிவிடுங்கள். தேடாமல் வந்து சேரும்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்தப் பொதியில் சவர்க்காரம் இரண்டு வைத்திருக்கிறேன். உறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
தேவராசா

⁂

கிளாலி
21.4.1991

என் தம்பிக்கு,

சவர்க்காரம் கிடைத்தது. மச்சாள் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். உறையை நான் வாசித்துவிட்டேன். வேறு கம்பனி. எழுத்தும் வேறு மாதிரி இருக்கிறது.

நீ வாசிக்க வேண்டாம் என்று எழுதிய பகுதியை வாசிக்கவில்லை. மற்றதைக் கிணற்றடியில் நின்று உரத்து வாசித்தேன். இரண்டு இடத்தில் தடக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனை கொப்பு முறித்த இடத்தை இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார்கள். வாழைக்குலைச் சின்னம்மா “சத்தத்தையும் வாசி அண்ணை” என்றாள். சத்தத்தை எப்படி வாசிக்கிறது என்று ரீச்சர் இன்னும் படிப்பிக்கவில்லை. நானே வாயால் முறித்துக் காட்டினேன்.

கிணற்றில் ஒரு ஆள் உயரத் தண்ணீர் ஊறியிருக்கிறது. அது போனபிறகு வளவு வெறிச்சென்று கிடக்கிறது. அது கட்டிநின்ற பனையடியில் நான் பாடம் எழுதுகிறேன்.

உறையின் விஷயம். அந்தப் பேரை இனி என் வாயால் சொல்வதில்லை என்று சந்தியாகுமையோர் சந்நிதியில் நேர்ந்திருந்தேன். சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். “வாயாலை சொல்லுறதில்லை எண்டுதானே நேர்ந்தனீர்? எழுதும்” என்றார். எழுதினேன். ஐந்து துண்டுக் கடதாசியில் எழுதிப் பார்த்துத்தான் உறையில் எழுதினேன். எடுத்துப் பார். என் எழுத்தில் நண்டு ஓடாத ஒரே வரி அதுதான். ஆனைத் தேவராசா, ஆலங்கேணி. ஒரு எழுத்தும் ஏறவுமில்லை, தாழவுமில்லை.

பென்சில் இப்போது என் சின்ன விரல் நகத்தளவுதான் மிச்சம். ரீச்சர் தன்னுடையதில் பாதியை முறித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். நீ கொக்கிளாயில் கண்ட ஐந்து ஆனைகளையும் நான் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முந்தி கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் ஒரு பேணி நிறைய இருக்கின்றன. குட்டிகள் இரண்டும் எப்படி நீந்தின, கிழட்டு ஆனை எதற்காகப் பின்னால் வந்தது. வாற ஞாயிறு பூசை முடிய, அந்தப் பனையடியில் இருந்து முதற்கேள்வியை எழுதுகிறேன்.

உன் அண்ணன்
செபநாயகம்